கையில் கட்டிய காலம்

காலத்தைச் சேர்த்து வைத்தவர் எவருமிலர். விளைந்த நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். ஈட்டிய பொருளை வங்கியில் இட்டு வைக்கலாம். கற்ற கல்வியை நெஞ்சில் தேக்கி வைக்கலாம். சென்ற நாழிகையை எந்தப் பெட்டகத்திலும் பூட்டி வைக்க இயலாது. ஆயினும் அந்நாழிகையை அளந்த கருவியைப் பாதுகாத்து வைக்கலாம். அஞ்சல் தலைகளையும் நாணயங்களையும் சேர்ப்பது போலவே, பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கமும் இன்று பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. கைப்பேசியைத் தொட்டால் நொடி பிசகாமல் நேரம் தெரிகின்ற இக்காலத்தில், நாளொன்றுக்குப் பத்து நொடியோ இருபது நொடியோ முன்பின்னாக ஓடும் பழம்பொறி எதற்கு என்று இளைஞர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. மணி பார்ப்பதற்கென்று எவரும் பழைய கடிகாரம் வாங்குவதில்லை. அஃது ஓடிய காலத்தில் மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு உழைத்தனர் என்பதைக் கையில் எடுத்துப் பார்க்கவே வாங்குகின்றனர்.

சேகரிப்பில் இறங்குவோர்க்கு முதல் தேவை எல்லை. கண்ணிற் பட்டதையெல்லாம் வாங்குவோரின் பேழை விரைவில் நிரம்பும், அறிவு நிரம்பாது. சிலர் ஒரே நிறுவனத்தின் கடிகாரங்களைச் சேர்ப்பர். சிலர் நீரில் மூழ்குவோர்க்கான கடிகாரங்களை மட்டும் நாடுவர். புதிதாகத் தொடங்குபவர்க்கு ஏற்றது ஒரு பத்தாண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதே எனலாம். ஒரே பத்தாண்டிற் பிறந்த கடிகாரங்கள் உலோகம், பொறி, முகப்பு, எழுத்து வடிவம் ஆகியவற்றில் ஒன்றுக்கொன்று உறவுடையவை. நோய்களும் அவற்றுக்குப் பொதுவானவையே. ஒரு பத்தாண்டை நன்கு கற்றவரை விற்பனையாளர் எளிதில் ஏமாற்ற முடியாது.

எந்தப் பத்தாண்டு என்பதே அடுத்த கேள்வி. தமிழ்ப்பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றி அண்மையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இக்கேள்வியோடு ஓராண்டுக் காலம் போராடினார். பணிக்கொடையில் ஆயிரம் வெள்ளியை இதற்கென ஒதுக்கியிருந்தார். அதற்கு மேல் ஒரு காசும் செலவிடுவதில்லை என்று மனைவியிடம் உறுதியும் கூறியிருந்தார். கையிருப்புச் சிறிதாயின் சிந்தனை கூர்மையாகும். அவர் வாங்குவதற்கு முன் கற்கத் தொடங்கினார். அவர் கற்ற வழியே சென்றால் கைக்கடிகாரத்தின் ஒரு நூற்றாண்டு வரலாறு கண்முன் விரியும்.

முதல் உலகப் போருக்கு முன் ஆடவர் கடிகாரத்தைச் சங்கிலியிற் கோத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தனர். மணிக்கட்டில் அணிவது மகளிர்க்குரிய அணிகலனாகக் கருதப்பட்டது. 1914-இல் மூண்ட போர் இவ்வெண்ணத்தை மாற்றியது. பதுங்குகுழியில் நிற்கும் வீரன் பையைத் துழாவி மணி பார்க்க இயலாதன்றோ? போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அப்பழக்கத்தையும் உடன் கொண்டு வந்தனர். 1926-இல் ரோலெக்ஸ் நிறுவனம் நீர் புகாத கூட்டை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் நீச்சல் வீராங்கனை ஆங்கிலக் கால்வாயில் நீந்தியபோது அத்தகைய கடிகாரம் ஒன்று அவர் கழுத்தில் தொங்கியது. குளிர் மிகுதியால் அவர் கரை சேரவில்லை. பத்து மணி நேரத்திற்கு மேல் நீரில் கிடந்த கடிகாரமோ நிற்காமல் ஓடியது. 1920-களின் கடிகாரங்கள் அழகியவை. ஆயினும் அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்புப் பெரும்பாலும் அவற்றில் இல்லை. உதிரி உறுப்புகளும் கிடைப்பதரிது.

1930-களில் நீள்சதுர வடிவம் மேலோங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரைமேலிருந்து போலோ விளையாடிய அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி அடிக்கடி உடைந்ததால், முகப்பை உட்புறமாகப் புரட்டிக்கொள்ளும் 'ரிவர்சோ' 1931-இல் தோன்றியது. 1940-களைப் போர் ஆண்டது. பிரிட்டிஷ் படைக்காகப் பன்னிரண்டு நிறுவனங்கள் ஒரே இலக்கணத்திற்கு உட்பட்டுச் செய்த கருமுகக் கடிகாரங்களை இன்று செல்வர்கள் போட்டியிட்டுச் சேர்க்கின்றனர். மலாயாவிற்கும் அப்பத்தாண்டு தனி நினைவுடையது. 1942-இல் சப்பானியர் ஆட்சி வந்ததும் தோக்கியோ நேரமே இங்கும் நேரமாயிற்று. முட்கள் ஒன்றரை மணி முன்னால் தள்ளப்பட்டன. 1945-இல் அவை திரும்பவும் பின்னுக்கு வந்தன. ஆட்சி மாறினால் மணியும் மாறும் என்பதை அத்தலைமுறை தன் மணிக்கட்டிலேயே கண்டது.

அக்காலக் கடிகாரங்களில் மறைந்துள்ள ஆபத்தையும் ஆசிரியர் அறிந்துகொண்டார். இருளில் ஒளிரும் பொருட்டு எண்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் அப்பூச்சு வேலை செய்த இளம்பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குமாறு பயிற்றப்பட்டனர். அவர்களுட் பலர் தாடையெலும்பு அரிக்கப்பட்டு மாண்டனர். 1928-இல் அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு இழப்பீட்டோடு முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்பு வரலாற்றில் அவ்வழக்கு நிலைத்துவிட்டது. ரேடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாகும். பூச்சு ஒளிர்வதை நிறுத்திவிட்டாலும் கதிர்வீச்சு நிற்பதில்லை. ஆகவே அத்தகைய கடிகாரத்தைப் பழகாதவர் திறக்கலாகாது. உதிர்ந்த தூளை மூச்சில் இழுக்கலாகாது. பேரக்குழந்தைகள் விளையாடும் வீட்டில் அவை வேண்டா என்று ஆசிரியர் முடிவு செய்தார்.

1950-கள் அவரை வெகுவாக ஈர்த்தன. போர் ஓய்ந்து உலகம் மூச்சுவிட்ட காலம் அது. மெல்லிய பொன் கூடு, வெண்ணிற முகப்பு, ஊசி போன்ற முட்கள். பார்ப்பதற்கே அடக்கமும் பெருமிதமும் வாய்ந்தவை. தானே சாவி ஏறும் பொறி பரவலானதும், ஆழ்கடலில் மூழ்குவோர்க்கான கடிகாரங்கள் தோன்றியதும் அப்பத்தாண்டில்தான். பின்னாளில் நிலவிற்குச் சென்ற ஒமேகா நிறுவனத்தின் 'ஸ்பீட்மாஸ்டர்' 1957-இல் வெளிவந்தது. மின்கலத்தால் ஓடிய முதல் கைக்கடிகாரத்தை அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் விற்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஓர் எழுத்துக் கடையின் மூலையில் பழம்பொருள் விற்பவர் காட்டிய 1950-களின் சுவிஸ் பொற்கடிகாரத்தை ஆசிரியர் மும்முறை சென்று பார்த்தார். விலை அவர் எல்லைக்குள் இருந்தது. அந்த மலிவே ஐயத்தையும் எழுப்பியது. உருப்பெருக்கியால் நோக்கியபோது எழுத்துகளின் விளிம்பு கசிந்திருந்தது. நொடி வட்டத்தின் கோடுகள் ஒரே அளவில் இல்லை. முகப்பு அண்மையில் வண்ணம் தீட்டப்பட்டது என்பது தெளிவாயிற்று. அவர் விலகிவிட்டார்.

1960-கள் பொறியியல் ஏறுமுகமாக இருந்த காலம். 1960-இல் புலோவா நிறுவனத்தின் 'அக்குட்ரான்', சமநிலைச் சக்கரத்திற்குப் பதிலாக நொடிக்கு 360 முறை அதிரும் இசைக்கவையைக் கொண்டு ஓடியது. காதருகே வைத்தால் 'டிக் டிக்' என்னும் ஓசை கேட்பதில்லை. வண்டு போன்ற ரீங்காரமே கேட்கும். 1963-இல் சப்பானின் சீக்கோ நிறுவனம் 'சீக்கோ 5' வரிசையைத் தொடங்கியது. தானே சாவி ஏறுதல், கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில் தெரிதல், நீரைத் தாங்குதல், நான்கு மணி இடத்தில் உள்ளடங்கிய திருகுக் குமிழ், உறுதியான கூடும் வாரும் ஆகிய ஐந்து சிறப்புகளே அப்பெயருக்குக் காரணம். 1969-ஆம் ஆண்டோ நிகழ்ச்சிகள் நிறைந்தது. சூலையில் நிலவில் மனிதன் நடந்தான். நிறுத்துகடிகையும் தானே சாவி ஏறும் பொறியும் ஒன்றாய் இணைந்த கைக்கடிகாரத்தை முதலில் படைக்கச் சுவிட்சர்லாந்திலும் சப்பானிலும் பல நிறுவனங்கள் போட்டியிட்டு அவ்வாண்டிலேயே வெற்றி கண்டன. திசம்பர் 25-ஆம் நாள் தோக்கியோவில் வெளிவந்த மற்றொரு கடிகாரம் அவ்வெற்றிகளையெல்லாம் பழங்கதையாக்கிவிட்டது. அதுவே குவார்ட்ஸ் படிகத்தால் ஓடிய சீக்கோ 'அஸ்ட்ரான்'. அதன் விலை 450,000 யென்.

இத்துணைச் சிறப்புடைய பத்தாண்டுகளைக் கடந்து 1970-களுக்கு வந்த ஆசிரியர் முதலில் முகம் சுளித்தார். பருத்த கூடுகள், ஆரஞ்சும் நீலமுமான முகப்புகள், பொத்தானை அழுத்தினால் சிவப்பாய் ஒளிரும் எண்கள்; அழகில் ஒரு குழப்பம் நிலவியதாகவே அவருக்குத் தோன்றியது. 1980-கள் மறுபுறம் அழைத்தன. 1983-இல் 51 உறுப்புகளே கொண்ட நெகிழிக் கடிகாரமான 'சுவாட்ச்' வந்தது. உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாத கேசியோவின் 'ஜி-ஷாக்' வந்ததும் அவ்வாண்டே. விலையும் மலிவு. ஆனால் மின்னணுச் சுற்று பழுதானால், அதே சுற்று வேறிடத்தில் கிடைத்தாலன்றி உயிர்ப்பிக்க இயலாது. பற்சக்கரத்தைத் தேர்ந்த கைவினைஞர் மீண்டும் வெட்டிக்கொள்ளலாம்; சில்லை வீட்டில் வார்க்க முடியுமா?

பொறியையும் விலையையும் அழகையும் மட்டும் எடை போட்டிருந்தால் அவர் தேர்வு எங்கோ முடிந்திருக்கும். அக்கடிகாரங்களை அணிந்தவர் யாவர் என்ற வினா எழுந்தபோதுதான் வழி தெளிந்தது.

மணி அறிதல் என்பது நெடுங்காலம் ஆள்வோரின் உரிமையாகவே இருந்து வந்தது. பழந்தமிழகத்தில் நீர்க்கடிகையைப் பார்த்துப் பொழுதை அளந்து மன்னனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. 24 நிமிடங்கொண்ட நாழிகையைக் கணக்கிடும் கருவி பாசறையில் இருந்தது. உழவனின் குடிலில் இல்லை. கதிரவனின் ஏற்றமும் நிழலின் நீளமுமே அவனுக்குக் கடிகாரம். இருபதாம் நூற்றாண்டின் மலாயாத் தோட்டங்களிலும் நிலைமை பெரிதும் வேறாக இருக்கவில்லை. விடியுமுன் மணியோசை கேட்டதும் லயன்களில் விளக்கெரியும். தொழிலாளர் பிரட்டுக்களத்தில் வரிசையாய் நின்று பெயர் கொடுப்பர். விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்தின் பாலோட்டம் மிகுதி. வெயில் ஏற ஏறக் குறையும். ஆகவே ரப்பர்த் தோட்டத்தில் நேரமே வருமானம். அந்நேரத்தை அறிவிக்கும் கருவியோ துரையின் கையிலும் கிராணியின் கையிலும் இருந்தது. மணி சற்று முன்னால் அடித்ததா பின்னால் அடித்ததா என்று கேட்கத் தொழிலாளியிடம் சான்று ஏதுமில்லை.

இந்நிலையை மாற்றிய பொருள்களுள் சப்பானியக் கைக்கடிகாரமும் ஒன்று. ஆசிரியரின் தந்தையார் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. மூன்று மாதம் சிறுகச் சேர்த்து 1974-இல் அவர் ஒரு சீக்கோ 5 வாங்கினார். கை அசைந்தால் ஓடும். இரண்டு நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும். நாள்தோறும் உழைக்கும் கைக்கு அதைவிடப் பொருத்தமான பொறி ஏது? வாரின் கண்ணிகளில் ரப்பர்ப்பால் காய்ந்து கறுத்திருந்ததும், சாளரத்தில் ஞாயிறு மட்டும் சிவப்பெழுத்தில் தோன்றியதும், அக்கிழமையை முதலில் கண்டு கூவத் தங்கை காத்திருந்ததும் ஆசிரியரின் நினைவில் நின்றன. லயத்தில் எவர் வீட்டில் குழந்தை பிறந்தாலும் பிறந்த நேரம் குறிக்க அவர் தந்தையை அழைத்தனராம். 1981-இல், மகன் ஐந்தாம் படிவத் தேர்வுக்கு அமரவேண்டிய ஆண்டில், தேர்வுக் கட்டணத்திற்காக அக்கடிகாரம் அடகுக்கடைக்குச் சென்றது. ஆறு மாதத் தவணை கடந்தது, மீட்கப்படவில்லை. தந்தையார் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

அவ்வாண்டின் இறுதி நாளில் நாடே ஓர் அரைமணியை இழந்தது. தீபகற்ப மலேசியாவின் நேரத்தைச் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கும் பொருட்டு, 1981 திசம்பர் 31-ஆம் நாள் இரவு 11.30 மணிக்கு முட்கள் 12-க்கு நகர்த்தப்பட்டன. 1982 அரைமணி முன்னதாகவே பிறந்தது. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. காலைப் பள்ளி மாணவர் இன்றும் இருள் பிரியாப் பொழுதில் புத்தகப்பையோடு புறப்படுவதற்கு அந்த அரைமணியும் ஒரு காரணமாகும். எல்லார் மணிக்கட்டிலும் நேரம் மாறிய அந்த இரவில், அடகுக்கடைப் பெட்டகத்திலிருந்த அக்கடிகாரம் அசைப்பாரின்றிப் பழைய நேரத்திலேயே நின்றிருக்கும். இதனை எண்ணிப் பார்த்த நாளில் ஆசிரியர் 1970-களைத் தேர்ந்தெடுத்தார்.

தேர்வுக்கு நினைவு வழிகாட்டினாலும், அறிவும் அதனை உறுதி செய்தது. கடிகார வரலாற்றில் 1970-களைப் போன்று பழமையும் புதுமையும் நேருக்கு நேர் மோதிய பத்தாண்டு வேறில்லை. குவார்ட்ஸ் கடிகாரம் இயங்கும் முறை மாணவர்க்கு இனிய பாடமாகும். மின்கலத்தின் ஆற்றல் ஊட்டப்பட்டதும் சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. 32,768-ஐப் பாதியாக்கி, அதனைப் பாதியாக்கி, இவ்வாறு பதினைந்து முறை பாதியாக்கினால் எஞ்சுவது 1. அதுவே ஒரு நொடித் துடிப்பு. கணக்காசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டத்தக்க இவ்வெளிய கணக்கு, சுருள்வில்லும் பற்சக்கரமும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் சேர்த்த திறமையைப் பின்தள்ளியது. நாளுக்குப் பல நொடி பிசகிய இடத்தில் மாதத்திற்குச் சில நொடியே பிசகியது.

விலையும் சரிந்தது. சிவப்பு எண்கள் ஒளிரும் 'பல்சார்' 1972-இல் 2,100 டாலருக்கு விற்றது. 1976-இல் அத்தகைய கடிகாரம் 20 டாலருக்குள் கிடைத்தது. 1970-இல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்தனர். 1980-களின் நடுவில் எஞ்சியோர் 30,000-ஐச் சற்றே கடந்தனர். வியப்பு யாதெனில், சுவிட்சர்லாந்தின் ஆய்வுக்கூடத்திலும் 1967-இலேயே குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் முன்மாதிரி உருவாகிவிட்டது. அறிவு அவர்களிடம் இருந்தது. பழகிய வழியை விடும் துணிவே வரவில்லை. இந்தியாவிலும் இதே கதை சற்றுப் பிந்தி நடந்தது. 1961-இல் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கி, 'ஜனதா' முதலிய கடிகாரங்களால் எளியவர் கைகளை அலங்கரித்த எச்.எம்.டி., சாவி கொடுக்கும் கடிகாரங்களையே பெரிதும் நம்பியிருந்தது. 1984-இல் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் சேர்ந்து தோற்றுவித்த டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்து சந்தையைப் பிடித்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-இல் முடிவாயிற்று.

இவ்வீழ்ச்சியினிடையே ஒரு தொழிலாளியின் செயல் நினைக்கத்தக்கது. 1975-இல் சுவிட்சர்லாந்தின் லெ லோக்கிள் நகரிலிருந்த செனித் தொழிற்சாலைக்கு, பொறிக் கடிகாரங்களுக்கான கருவிகளை அப்புறப்படுத்துமாறு அமெரிக்க உரிமையாளரிடமிருந்து ஆணை வந்தது. 1969-இல் பெரும் புகழ் பெற்ற 'எல் பிரிமெரோ' பொறியின் அச்சுகளும் அவற்றுள் அடங்கும். அங்குப் பணியாற்றிய சார்லஸ் வெர்மோ அவ்வாணையை ஏற்கவில்லை. இரவு நேரங்களில் அச்சுகளையும் கருவிகளையும் மேல்மாடத்திற்குக் கொண்டு சென்று மறைத்தார். எது எதற்குப் பயன்படும் என்று குறிப்பும் எழுதி வைத்தார். 1980-களில் அப்பொறிக்கு மீண்டும் தேவை ஏற்பட்டபோது, அவர் மறைத்து வைத்தவற்றைக் கொண்டே உற்பத்தி தொடங்கிற்று. கருவியை மட்டும் காத்திருந்தால் போதாது. அதனைக் கையாளும் முறையையும் எழுதி வைத்ததே அவர் பெருமை. ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதனைப் பலமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி 1970-களின் கடிகாரத்தை நாடுவோர் அறியவேண்டிய சில நுட்பங்கள் உள. சீக்கோ கடிகாரத்தின் பின்மூடியில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தைக் குறிக்கும். இரண்டாவது, மாதத்தைக் குறிக்கும். 43 என்று தொடங்கினால் 4-இல் முடியும் ஆண்டின் மார்ச்சு மாதம். அஃது 1964-ஆ, 1974-ஆ, 1984-ஆ? மூடியிலுள்ள பொறியின் எண்ணைக் கொண்டே அதனைத் தெளியவேண்டும். 6119 என்னும் பொறி 1964-இல் பிறக்கவில்லை. 1984-க்குள் அதன் இடத்தை வேறு பொறிகள் பிடித்துவிட்டன. எனவே 1974 என்று துணியலாம். அப்பொறியின் சமநிலைச் சக்கரம் மணிக்கு 21,600 முறை, அதாவது நொடிக்கு ஆறு முறை அசையும். நொடிமுள் சிறு சிறு அடியாக வழுக்கிச் செல்வதைக் கண்ணால் காணலாம்.

வரிசை எண் பொருந்தினும் மனநிறைவு கொள்ளலாகாது. ஒன்றின் கூட்டில் மற்றொன்றின் பொறியையும் மூன்றாவதன் முகப்பையும் பொருத்தி விற்போர் உண்டு. முகப்பின் அடியிலுள்ள சிற்றெழுத்துகள் மூடியிலுள்ள எண்ணோடு ஒத்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். மிகப் பளபளப்பான கூடு பன்முறை தேய்க்கப்பட்டதாகலாம். விளிம்புகள் மழுங்கியிருப்பின் அதுவே சான்று. இந்நாட்டின் ஈரக்காற்று கடிகாரத்திற்குப் பகை. காலம் செல்லச் செல்ல ரப்பர் வளையம் இறுகி வெடிக்கும்; வியர்வையும் மழைநீரும் உட்புகுந்து முகப்பில் புள்ளி புள்ளியாய்ப் படரும். நீர் புகாதது என்று மூடியில் எழுதியிருப்பதை நம்பி அரை நூற்றாண்டுக் கடிகாரத்தோடு குளிக்கச் செல்வது அறியாமையாகும். எண்ணெய் வறண்ட பொறி ஓடினாலும் உறுப்புகள் தேய்ந்துகொண்டேயிருக்கும். ஆதலின் வாங்கிய விலையோடு பிரித்துத் துடைத்து எண்ணெயிடும் கூலியையும் சேர்த்தே கணக்கிடுதல் அறிவுடைமை. ஒளிப்பூச்சைப் பொறுத்தவரை இப்பத்தாண்டு பெரிதும் அச்சமற்றது. ரேடியத்தின் இடத்தைத் திரிட்டியம் முதலிய வலிமை குறைந்த பொருள்கள் அதற்குள் பிடித்திருந்தன.

இவ்வறிவோடு தேடிய ஆசிரியர்முன், சிறு நகரொன்றின் பழுதுபார்க்கும் கடையில் 1974-ஆம் ஆண்டின் இரு சீக்கோ 5 கடிகாரங்கள் வைக்கப்பட்டன. ஒன்று புதிதாய் வண்ணம் தீட்டிய முகப்போடு மின்னியது. மற்றொன்றின் கண்ணாடியில் கீறல். முகப்பின் ஓரத்தில் ஈரம் பட்ட பழுப்பு. கூட்டின் இடப்புறத்தில் ஏதோ கதவிலோ வாளியிலோ மோதிய வடு. கடைக்காரர் முதலாவதையே பரிந்துரைத்தார். ஆசிரியர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். கண்ணாடியை மாற்றவும் பொறியைத் துடைக்கவும் இசைந்தார். முகப்பைத் தொடவேண்டா என்று கேட்டுக்கொண்டார். எந்த உழைப்பாளியின் கையிலோ கிடந்து தேய்ந்த தேய்வை அழித்துவிட்டால், அப்பத்தாண்டிலிருந்து வந்ததென்பதற்கு அதில் எஞ்சுவது எண் மட்டுமே. தந்தையின் கடிகாரமே திரும்பிவிட்டதாக அவர் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அஃது எங்கோ உருக்கப்பட்டிருக்கலாம்; எவரோ ஒருவர் கையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கலாம். மீதிப் பணத்தில் அதே பத்தாண்டின் இறுதியில் வந்த குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்றையும் வாங்கினார். இரண்டும் ஒரே பேழையில் இருக்கின்றன: வென்றதும் தோற்றதும் அருகருகே.

வென்றது எது என்பது கூட இன்று எளிதில் சொல்லத்தக்கதன்று. அக்குவார்ட்ஸ் கடிகாரத்தின் சுற்று பழுதானால் கைவிட வேண்டியதுதான். பொறிக் கடிகாரத்தைத் திறந்து சரிசெய்யத் தெரிந்தவர் இருக்கும்வரை அஃது ஓடும். ஆனால் அவ்வாறு தெரிந்தவர் அருகி வருகின்றனர். அக்கடைக்காரர்க்கு எழுபது வயது கடந்துவிட்டது. கண்ணில் உருப்பெருக்கியைச் செருகி முடியினும் மெல்லிய வில்லை நிமிர்த்தும் அவர் கலையைக் கற்க எவரும் வந்து அமரவில்லை. ஆசிரியர் இப்போது வாரம் ஒருமுறை அங்குச் செல்கிறார். உறுப்புகளின் பெயரையும் அவை கழற்றப்படும் முறையையும் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றில் தமிழில் எழுதி வருகிறார். நாற்பது பக்கம் நிறைந்துள்ளது.

பழைய கடிகாரம் சேர்க்க விரும்பும் மாணவர்க்குச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் வீட்டிலுள்ள மூத்தோரிடம் செல்லுங்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கைக்கடிகாரம் கட்டியவர் யார், எந்த ஆண்டில், எந்தக் கூலியில் அதனை வாங்கினார், பின்பு அஃது எங்கே போயிற்று என்று கேளுங்கள். சொல்வதை ஆண்டோடும் பெயரோடும் எழுதிக்கொள்ளுங்கள். சேர்க்கவேண்டிய பத்தாண்டு எதுவென்று அவ்விடையே காட்டிவிடும். கடிகாரம் கிடைக்காமற் போனாலும் அந்த ஏடு கைவசம் இருக்கும்.